நிறுத்த முடியாதுண்ணா

பொய்தான் சொன்னேன். பெடல் என் வலது காலிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. ஒரு மிதி மிதித்தால், நான் எலெக்ட்ரிக் வயலினில் வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட விடுகிற லூப் நின்றுவிடும்.

சவுண்ட் செக் முடிகிற நேரம். மிருதங்கக்கார அண்ணா தன் வாத்தியத்தின் இடது முகமான தொப்பிக்கு ரவை ஒட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலேதான் கேட்டார்: "தனி வரும்போது அதை நிறுத்திடுவே இல்லையா?" தனி என்றால் தனி ஆவர்த்தனம், மற்றவர்கள் ஓய மிருதங்கம் மட்டும் வாசிக்கிற பகுதி.

"நிறுத்த முடியாதுண்ணா. லைட் எல்லாம் அதோட கட்டியிருக்கு."

"சரி" என்றார். கட்டைவிரலால் ரவையின் நடுவில் அழுத்திவிட்டு ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். திருப்தியில்லை போல. இன்னும் கொஞ்சம் ஒட்டினார். அவ்வளவுதான் பேச்சு. மூன்று வருஷம் ஆகிறது.

லைட் எதுவும் எதோடும் கட்டியிருக்கவில்லை. அந்தப் பையன் மேடையைப் பார்த்துப் பார்த்துக் கையால்தான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். "தனி முடியறப்போ ஒரு கை காட்டுங்க சார், போதும்" என்று அன்று மத்தியானம் என்னிடமே சொல்லியிருந்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் நல்ல நல்ல காரணங்கள் இருக்கின்றன. முதல் காரணம், அந்த லூப்தான் அன்றைய உருப்படியே. ஐந்தாவது கம்பியை விரலால் மீட்டி, அதை ஆக்டேவ் பெடலில் ஒரு ஸ்தாயி இறக்கி ஒரு அடித்தளம். அதன் மேல் வில்லில் இரண்டு அடுக்கு. அதற்கும் மேலே கம்பியை லேசாகத் தொட்டு எடுக்கிற விசில் ஸ்வரங்கள். ஆதி தாளத்தில் நாலு ஆவர்த்தனம் (தாளத்தின் நாலு சுற்று), சுமார் 24 வினாடி. ஒவ்வொரு அடுக்காக ஏறுவதைச் சபை கண்ணால் பார்க்கிறது, கடைசி அடுக்கு விழுந்ததும் கை தட்டுகிறது. அதைப் பாதியில் அணைத்தால் மேடையில் ஒரு பள்ளம் விழும் என்று பயந்தேன்.

இரண்டாவது காரணம், தனி என்றதும் கான்டீனுக்கு எழுந்து போகிற ஜனத்தை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்! லூப் ஓடினால் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு உட்காரவும் செய்தார்கள். இதில் அண்ணாவுக்கு நல்லதுதானே செய்தேன்?

இதை எழுதும்போதே இதில் எவ்வளவு எனக்காக, எவ்வளவு அவருக்காக என்று கணக்குப் பார்க்கக் கை போகிறது. விடுகிறேன்.

நடந்தது இதுதான். டிரம்ஸ் ஓய்ந்தது, பேஸ் ஓய்ந்தது, தனி ஆரம்பித்தது. லூப் மட்டும் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் சுற்று முடிந்து சமத்துக்கு, அதாவது தாளம் தொடங்குகிற இடத்துக்கு, வரும்போது எனக்கே காதில் விழுந்தது, ஒரு சின்ன இடறல். லூப்பை மூடும்போது கால் மயிரிழை பிந்தி மிதித்திருக்கிறேன். டிரம்ஸ் போய்க்கொண்டிருந்தவரை அது தெரியவில்லை. பிறகு ரெக்கார்டிங்கைக் கணினியில் விரித்து அளந்தேன். மற்ற அட்சரமெல்லாம், அதாவது தாளத்தின் ஒவ்வொரு எண்ணிக்கையும், முக்கால் வினாடி. கடைசி அட்சரம் மட்டும் அதைவிடப் பத்தில் ஒரு பங்கு வினாடி கூட. கேட்க வந்தவர்களுக்கு அது ஒன்றுமில்லை. மிருதங்கக்காரருக்கு அது படிக்கட்டில் ஒரே ஒரு படி மட்டும் உயரமாக இருப்பது போல.

முதல் இரண்டு தடவை அவர் சரியாக வந்து நின்றார், லூப் பிந்தி வந்தது. மூன்றாவது தடவை அந்த இடத்தில் இடது உள்ளங்கையைத் தொப்பியில் அழுத்தி, கும்கி என்கிற முழங்கும் ஒலி ஒன்றை இழுத்தார். நீளமாக, இடைவெளி எவ்வளவோ சரியாக அவ்வளவு. சமமும் லூப்பும் ஒன்றாக விழுந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ஏதோ ஒன்று இருந்தது. ஒரு தடவை கும்கி, ஒரு தடவை சும்மா ஒரு கார்வை இடைவெளி, மும்மூன்றாக எண்ணுகிற திஸ்ர நடைக்குப் போனபோது அதற்கேற்ற வேறொன்று. ஒன்பது நிமிஷத் தனி. 24 வினாடி லூப் ஒன்பது நிமிஷத்தில் எத்தனை முறை சுற்றும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். அத்தனை தடவையும் என் காலின் தப்பை அவர் கை மூடிக்கொண்டிருந்தது. நான் அவருக்கு நேரே வயலினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். கால் பெடல் பக்கத்தில்தான் இருந்தது. அப்போதாவது மிதித்திருக்கலாம்.

கச்சேரி முடிந்து மிருதங்கத்தை உறைக்குள் போடும்போது சொன்னார்: "நாலாவது ஆவர்த்தனக் கடைசியிலே ஒரு பல் தேஞ்சிருக்குப்பா."

"பெடல் அப்படித்தான்ணா" என்றேன். இரண்டாவது பொய். கால் கொடுத்ததைத்தான் பெடல் திருப்பிக் கொடுக்கும்.

பத்துப் பதினைந்து வருஷம் நான் பக்கவாத்தியம் வாசித்தவன். பாடகர் திடீரென்று காலப்பிரமாணத்தை ஏற்றிக்கொண்டு ஓடினால் பின்னாலேயே ஓடியிருக்கிறேன். பாட்டின் ஒரு வரியை மாறி மாறி விரிக்கிற நிரவலில் எனக்கு இரண்டே ஆவர்த்தனம் விட்டுவிட்டு மேலே போனவர்களோடும் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். எலெக்ட்ரிக்குக்கு மாறினதே அதிலிருந்து தப்பிக்கத்தானோ என்று சில நாள் தோன்றும். பேட்டியில் இதையெல்லாம் சொல்வதில்லை. அங்கே சொல்வதற்கு வேறு ஒரு பாட்டு வைத்திருக்கிறேன். வயலினே வெளியிலிருந்து வந்ததுதானே, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்து சுமார் 200 வருஷம்தான் ஆகிறது, யு. ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினில் ஐந்து ஒற்றைக் கம்பி போட்டு வாசித்தபோதும் முகம் சுளித்தார்கள், பிறகு தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், வயலின் வித்வான் குன்னக்குடி வைத்தியநாதன் தன் பக்கத்தில் தவிலையே உட்கார வைக்கவில்லையா, எல். சங்கர் பத்துக் கம்பி இரட்டை வயலின் செய்ய வைத்து, டபுள் பேஸிலிருந்து வயலின் வரை ஒருவராகவே வாசிக்கவில்லையா. எல்லாம் உண்மை. ஆனால் அண்ணா கேட்ட கேள்விக்கு இதில் ஒன்றுகூடப் பதில் இல்லை. மின்சாரம் கூடாது என்று அவர் சொல்லவே இல்லையே. சங்கரும் விக்கு விநாயக்ராமும் ஜாகிர் உசேனும் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினோடு 'சக்தி' குழுவில் வாசித்ததைக் கேட்டால் ஒன்று தெரியும். அங்கே நாலு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே ஓடுகிறார்கள். என் பெட்டிக்குக் காது கிடையாது. ஓடுகிற பாடகருக்குக்கூடக் காது உண்டு, மிருதங்கம் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் சில சமயம் இறங்கி வருவார்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெட்டிக்கு நான் எப்போதோ அடங்கிப்போயிருந்தேன். ஆக்டேவ் பெடலில் தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை அசைத்துக் கொடுத்தால் அது எந்த ஸ்வரத்தைப் பிடிப்பது என்று தெரியாமல் கொளகொளவென்று உளறும். அதனால் அசையாமல் நிற்கிற ஸ்வரங்களாகத் தேடிப் பிடித்து மெட்டுப் போடப் பழகிக்கொண்டேன். எங்கள் வகையறா மேடைகளில் ஹம்சத்வனி ராகம் ஏன் இத்தனை தடவை வருகிறது என்று யாராவது கேட்டால், பாதிக் காரணம் காலடியில் இருக்கிறது. நின்றுகொண்டு வாசிப்பதால் இடது கைக்கும் கொஞ்சம் வயலின் பாரம் விழுகிறது. கீழே உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் சாய்த்து வாசிக்கும்போது கைக்கு இருக்கிற சுதந்திரம் இதில் இல்லை. அதையும் பழகிக்கொண்டேன். இத்தனையும் நானே விட்டுக்கொடுத்த பிறகு, ஒன்பது நிமிஷம் அவரும் விட்டுக்கொடுத்தால் என்ன என்று உள்ளுக்குள் நினைத்திருப்பேனோ என்னவோ. அப்படி நினைத்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் பதில் எவ்வளவு சட்டென்று வாயில் வந்தது!

வேடிக்கை என்னவென்றால், அன்றைய வீடியோவில் எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தத் தனியைத்தான். "மெஷினோடு மல்லுக்கட்டி ஜெயித்த மனிதர்" என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள். நான் லூப்பை நிறுத்தியிருந்தால் அருமையான ஒரு தனி கிடைத்திருக்கும், ஆனால் இந்தத் தனி கிடைத்திருக்காது. அப்படியானால் என் பொய் நல்லதில்தான் முடிந்ததா? சில ராத்திரிகளில் ஆமாம் என்று சொல்லிக்கொண்டு தூங்கிப்போயிருக்கிறேன்.

அதற்கப்புறம் அண்ணாவோடு இரண்டு கச்சேரி. இரண்டிலும் தனிக்கு முன்னால் நானே லூப்பை நிறுத்தினேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லைட் பற்றியும் கேட்கவில்லை. தெரிந்திருக்கும். மேடையில் அத்தனை வருஷம் இருந்தவருக்கு லைட் எப்படி ஏறுகிறது இறங்குகிறது என்று தெரியாதா?

அந்த லூப்பை இன்னும் அழிக்கவில்லை. பெடலில் 14-ஆம் இடத்தில் கிடக்கிறது. சாதகம் முடிந்ததும் சில நாள் அதை ஓட விட்டு, வயலினை எடுத்து, அந்தக் கடைசி அட்சரத்தில் வில்லை நீட்டிப் பார்க்கிறேன். ஒரு தடவை முந்திவிடுகிறது, அடுத்த தடவை பிந்திவிடுகிறது. நேற்று நாலு சுற்று தொடர்ந்து சரியாக விழுந்தது. ஐந்தாவதில் போய்விட்டது.