நந்தியாவட்டைப் புழு வளர்த்த அனுபவம்

வாசலில் நந்தியாவட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் புழு புதிதல்ல. நேற்று வரை தழைத்து நின்ற கிளையில் இன்று காம்பு மட்டும் மிஞ்சியிருக்கும். தரையில் கரும்பச்சைப் புழுக்கைகள் சிதறிக் கிடக்கும். அவற்றுக்கு நேர் மேலே அண்ணாந்து பார்த்தால் விரல் பருமனில் பச்சைப் புழு ஒன்று அகப்படும். வால் பக்கம் ஒரு கொம்பு, தலைக்குப் பின்னால் நீல நிறத்தில் இரண்டு கண்கள். பெரும்பாலானோர் குச்சியால் தள்ளி மிதித்துவிடுகிறார்கள். பூஜைக்குப் பூப் பறிக்க வரும் பக்கத்து வீட்டு மாமியும் அப்படித்தான் செய்துவந்தார். அவரிடம் கேட்டு வாங்கி வளர்க்கத் தொடங்கினேன். இன்று எங்கள் திருச்சி வீட்டு மாடி வராந்தாவில் ஒரு மூலை முழுவதும் இந்தப் புழுக்களுக்கென்றே ஆகிவிட்டது.

இது அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. டாப்னிஸ் நேரி என்பது அறிவியல் பெயர். 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் வகைப்படுத்தியது. அரளி, நந்தியாவட்டை, நித்திய கல்யாணி, அடீனியம் என்று ஒரே குடும்பத்துச் செடிகளைத்தான் பெரும்பாலும் தின்னும். உலகில் அந்துப்பூச்சி வகைகள் ஏறக்குறைய 1,60,000 என்கிறார்கள். பட்டாம்பூச்சிகளைப் போலப் பல மடங்கு. அத்தனைக்கும் நம் மனத்தில் இருக்கும் உருவம் ஒன்றுதான்: விளக்கைச் சுற்றும் மங்கிய பழுப்புப் பூச்சி. இந்த ஒன்றை முட்டையிலிருந்து வளர்த்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. ஒவ்வொரு பருவத்திலும் இதன் தோற்றம் அடியோடு மாறுகிறது. அந்தந்தப் பருவத்தில் அது எங்கே இருக்கிறது, எதற்குத் தப்ப வேண்டும் என்று பார்த்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் புரிகிறது. வளர்த்ததில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் இதுதான்.

முட்டை தேடுவதற்குத்தான் பொறுமை வேண்டும். தாய்ப்பூச்சி கொத்தாக இடுவதில்லை. இளந்தளிர்களில் ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போகிறது. உருண்டையாக, வெளிர்பச்சையாக, சுமார் 1.5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இலையின் நிறமும் முட்டையின் நிறமும் ஒன்றாக இருப்பதால் பகலில் கண்ணுக்குத் தப்பிவிடும். இருட்டிய பிறகு டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் முட்டையின் பக்கத்தில் சின்ன நிழல் விழும். அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இலையோடு கிள்ளி எடுத்துவந்து மூடியுள்ள சிறு டப்பாவில் வைத்தால் போதும். வெயில் காலத்தில் ஒரு வாரத்துக்குள் பொரிந்துவிடும்.

பொரிந்து வருவது பச்சைப் புழு அல்ல. 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளத்தில் பளிச்சென்ற மஞ்சள் நிறம், அந்த உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் மயிரிழை போன்ற கறுப்புக் கொம்பு. இலை தின்னத் தொடங்கியதும் பச்சை ஏறுகிறது. கொம்பும் வளர வளரக் குட்டையாகி, தடித்து, மஞ்சளாகிவிடும்.

வளர்க்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். நந்தியாவட்டைக் கிளையை வாய் குறுகிய சிறு பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் செருகி, வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் புழு தண்டு வழியாக இறங்கித் தண்ணீரில் விழுந்து செத்துவிடும். அதை அப்படியே கொசுவலைத் துணியால் மூடிய கூடைக்குள் வைக்கலாம். இலையை மாற்றும்போது புழுவைக் கையால் பிடித்து இழுக்கக் கூடாது. அதன் வயிற்றுக் கால்களில் உள்ள நுண்ணிய கொக்கிகள் இலையை விடாது. இழுத்தால் உடம்பு கிழியும். புதுக் கிளையைப் பக்கத்தில் வைத்தால் தானே ஏறிக்கொள்ளும். புழுக்கையைத் தினமும் கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். அந்தப் புழுக்கையையும் ஒருமுறை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நீளவாக்கில் ஆறு பள்ளங்கள் ஓடி, செதுக்கி வைத்தது போல ஒழுங்காக இருக்கும். குடலின் கடைசிப் பகுதியின் அச்சு அது. அரளி இலை கொடுப்பவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது கட்டாயம். அதன் பால் நஞ்சு. குழந்தைகளை அரளிக் கிளையைத் தொட விடாதீர்கள்.

நந்தியாவட்டையில் வளர்ந்த புழுவுக்கு இடையில் வேறு செடி இலையைக் கொடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பருவத்துக்கு மேல், அதாவது இரண்டு முறை தோலுரித்த பிறகு, பலவும் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டன. எதில் பிறந்ததோ அதிலேயே வளர்ப்பதுதான் நல்லது.

தோலுரிப்பைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். புழு தின்பதை நிறுத்தி, இலையின் நடு நரம்பில் பட்டு நூலால் ஒரு மெத்தை போட்டு, அதில் பின்னங்கால்களை மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். நோய் வந்துவிட்டதோ என்று தோன்றும், தொடக் கூடாது. கூர்ந்து பார்த்தால் பழைய தலைக்குப் பின்னால் தோலுக்கடியில் புதுத் தலை பெரிதாகப் புடைத்திருப்பது தெரியும். ஏறக்குறைய ஒரு நாள் கழித்து முதுகுத் தோல் முன்பக்கம் வெடிக்கும். புழு உடம்பை அலையலையாகச் சுருக்கி முன்னே நகர, தோல் பின்னோக்கிக் கழன்றுகொண்டே போகும். பழைய தலை ஓடு கடைசி வரை முகத்தில் முகமூடியாக ஒட்டிக்கொண்டிருந்து பொட்டென்று விழும். புதுக் கொம்பு முதலில் ஈரமாகத் தளர்ந்து முதுகில் படுத்திருக்கும், மெல்ல நிமிரும். களைப்பு ஆறியதும் கழற்றிய தோலையே தின்னத் தொடங்கும். நான்கு முறை இப்படி உரித்து ஐந்தாம் பருவத்துக்கு வரும்போது அதன் நீளம் 7, 8 சென்டிமீட்டரைத் தொடுகிறது. அந்தப் பருவத்தில் ஒரு புழு தின்னும் இலையின் அளவு மற்ற நான்கு பருவங்களிலும் தின்றதைவிடப் பல மடங்கு. செடி மொட்டையாவது அப்போதுதான்.

இனி அந்த நீலக் கண்கள். அவை கண்களே அல்ல. உண்மையான கண்கள் தலையின் இரு பக்கமும் கறுப்புப் புள்ளிகளாக, சரியாகத் தெரியாத அளவில் இருக்கின்றன. நீல வட்டங்கள் மார்புப் பகுதியின் தோலில் இருக்கும் வெறும் வண்ணம். புழு நிம்மதியாகத் தின்னும்போது அவை பெரிதாகத் தெரிவதில்லை. இலையைத் தட்டினால் தலையை உள்ளே இழுத்து, மார்பை வில்லாக வளைத்து, முன்னே தள்ளும். தோல் விரியும், வட்டங்கள் அகன்று, வெள்ளை ஒளிப்புள்ளியோடு உற்றுப் பார்க்கும். இலைமறைவில் திடீரென்று அந்த முகத்தைப் பார்க்கும் சிட்டுக்குருவியோ தவிட்டுக்குருவியோ தயங்கினால், அந்த ஒரு கணம் புழுவுக்குப் போதும். மாமி இதைப் பாம்புப் புழு என்றுதான் சொல்வார். குருவிக்கும் அந்த அச்சம் வரட்டும் என்பதே அதன் ஏற்பாடு.

அரளி இலையைத் தின்று எப்படிப் பிழைக்கிறது என்று நீண்ட நாள் யோசித்ததுண்டு. அரளி நஞ்சு இதயத்தையும் நரம்பையும் இயக்கும் ஒரு நொதியை முடக்குவது. இதே வகை நஞ்சுள்ள செடிகளைத் தின்று வளரும் மோனார்க் பட்டாம்பூச்சியில் அந்த நொதியே நஞ்சுக்கு மசியாதபடி மாறியிருக்கிறது. இந்தப் புழுவிலும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2009இல் வெளியான ஜெர்மன் ஆய்வு வேறு விதமாகச் சொன்னது: இதன் நொதியும் அந்த நஞ்சால் எளிதில் பாதிக்கப்படக்கூடியதுதான். நரம்பைச் சூழ்ந்துள்ள உறை நஞ்சை உள்ளே விடாமல் தடுக்கிறது என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. பூட்டை மாற்றாமல் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

தின்று தீர்த்த புழு ஒரு நாள் காலையில் பச்சையாக இருக்காது. முதுகு கறுத்து, உடம்பு முழுக்கச் செம்பழுப்பாகிவிடும். முதன்முறை பார்ப்பவர்கள் புழு அழுகுகிறது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இலையில் இருந்தவரை பச்சை அதற்குக் காப்பு. இப்போது அது தரைக்கு இறங்க வேண்டும், சருகுக்கும் மண்ணுக்கும் நடுவே ஊர்ந்து மறைவிடம் தேட வேண்டும். அங்கே பச்சை ஆகாது. இலையை விட்டு இறங்குவதற்கு முன்பே நிறம் மாறிவிடுகிறது என்பதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. வயிற்றில் மிச்சமிருப்பதை ஈரமாகக் கழித்துவிட்டு, கூடைக்குள் ஓயாமல் சுற்றிவரும்.

இதற்காக ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தென்னை நார்க் கழிவை லேசாக நனைத்துப் பரப்பி, மேலே வேப்பஞ்சருகைக் குவித்து வைக்கிறேன். பட்டுப்புழு போல இது கெட்டியான கூடு கட்டாது. சருகுகளைச் சில நூல்களால் இழுத்துச் சேர்த்து, அதற்குள் சுருங்கிப் படுத்துவிடும். சில நாளில் கடைசித் தோலையும் கழற்றிக் கூட்டுப்புழுவாகும். வெளிர் பழுப்பு, நடுவே நீளமாக ஒரு கறுப்புக் கோடு, மூச்சுத்துளை இருக்கும் இடமெல்லாம் கறுப்புப் புள்ளி. விரல் பட்டால் வயிற்றுப் பகுதியை வெட்டென்று ஆட்டும். அவ்வப்போது சருகின் மேல் தண்ணீரைத் தெளிப்பதைத் தவிர நமக்கு வேலை இல்லை.

எல்லாம் பூச்சியாவதில்லை. வெளியிலிருந்து பெரிய புழுவாக எடுத்துவந்த ஒன்றின் கூட்டுப்புழு அசைவற்று எடை குறைந்தது. ஓரமாக ஒரு ஓட்டை விழுந்து வெள்ளைப் புழுக்கள் வெளியே வந்தன. டாக்கினிட் வகை ஈயின் குஞ்சுகள். செடியில் இருந்தபோதே அந்த ஈ அதன் மேல் முட்டையிட்டிருக்கிறது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நந்தியாவட்டைகள் எல்லாம் மொட்டையாகாமல் இருப்பதற்கு அந்த ஈயும் காரணம். முட்டையாகவே எடுத்து வளர்த்தால் இந்த இழப்பு குறைகிறது.

ஓடு கருத்து, உள்ளே இறக்கையின் கோடுகள் நிழலாகத் தெரிந்தால் அன்றோ மறுநாளோ பூச்சி வரும். பெரும்பாலும் இரவில்தான். தொட்டிக்குள் சொரசொரப்பான ஒரு குச்சியைச் சாய்த்து வைப்பது மிக முக்கியம். ஏறித் தொங்க இடமில்லாத பூச்சியின் இறக்கை கோணலாக இறுகிவிடும், பிறகு சரியாகாது. வெளியே வந்ததும் இறக்கைகள் கசக்கிச் சுருட்டிய பட்டுத்துணியாகத் தோளில் ஒட்டிக்கிடக்கும். குச்சியில் ஏறித் தொங்கியதும் உடம்பின் நீர் இறக்கை நரம்புகளுக்குள் பாய, கண்ணெதிரே சுருக்கம் பிரியும். விரிந்த இறக்கைகளை முதலில் பட்டாம்பூச்சியைப் போல முதுகுக்கு மேல் சேர்த்து நிறுத்தும். இறுகத் தொடங்கியதும் பக்கவாட்டில் தாழ்த்தி அம்பு முனை வடிவில் அமரும்.

அந்தப் பச்சையை எப்படிச் சொல்வது! கரும்பச்சை, ஆலிவ் பச்சை, நடுவே இளஞ்சிவப்பு கலந்த வெளிர் பட்டை, வெள்ளை அலைக்கோடுகள். இறக்கை விரிந்தால் 9 முதல் 11 சென்டிமீட்டர் வரை அகலம். இறக்கையின் கோடுகள் உடம்பின் கோடுகளோடு தொடர்ச்சியாகப் பொருந்துவதால், எது இறக்கை எது உடம்பு என்று கண்ணுக்குப் பிடிபடாது. முருங்கையும் கொடியும் படர்ந்த எங்கள் மதிலில் ஒன்றை விட்டுவிட்டு, திரும்பிப் பார்த்துவிட்டுத் தேடினேன். இருந்த இடத்திலேயே இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. உணர்கொம்புகள் சிறகு போலப் பிரியாமல் தடித்து, நுனியில் கொக்கியாக வளைந்திருக்கின்றன. டார்ச் ஒளியில் கண்கள் தணல் நிறத்தில் ஒளிர்கின்றன. இருட்டில் கிடைக்கும் சிறு வெளிச்சத்தையும் சேர்த்துப் பயன்படுத்தும் கண்கள் அவை. இதற்கு உறவான இன்னொரு பருந்து அந்துப்பூச்சி நட்சத்திர வெளிச்சத்திலேயே நிறங்களைப் பிரித்தறிகிறது என்று 2002இல் நிறுவியிருக்கிறார்கள்.

பறப்பதற்கு முன் இறக்கைகளைக் குறுக அடித்து நடுங்கும். மார்புத் தசை சூடேறாமல் இத்தனை கனத்த உடம்பைத் தூக்க முடியாது. இறக்கைக் காற்று முகத்தில் படும் அளவுக்கு வேகம் கூடியதும் நேராக எழும்பிவிடும். தெருமுனையில் மரமல்லி பூக்கும் காலத்தில் அந்தியில் அங்கே போய் நிற்கிறேன். நீண்ட குழல் கொண்ட அந்த வெள்ளைப் பூக்களின் முன்னால் பருந்து அந்துப்பூச்சிகள் அந்தரத்தில் நின்றபடி சுருள் நாக்கை நீட்டித் தேன் எடுக்கின்றன. அவற்றில் நான் விட்டதும் இருக்குமா என்று தேடுவதுண்டு. இருட்டில் இனம் பிரிப்பது சுலபமில்லை.

மாமி இப்போது புழுவைக் கண்டால் மிதிப்பதில்லை, கூப்பிட்டனுப்புகிறார். மாடியில் புழுக்களுக்கென்றே கூடுதலாக நந்தியாவட்டைப் பதியன்கள் வைத்திருக்கிறேன். வாசல் செடி பூஜைக்கு. வரும் மழைக்கு அரளியில் இட்ட முட்டைகளையும் நந்தியாவட்டையில் இட்ட முட்டைகளையும் அருகருகே வளர்த்து, புழுவின் பச்சையிலும் வளரும் வேகத்திலும் வேறுபாடு இருக்கிறதா என்று குறித்துவைக்கப் போகிறேன். அதற்கான இரண்டாவது கூடைக்கு வலைத்துணி வாங்கியாகிவிட்டது.