கிளிப் கழற்றிய நாளும் அதற்குப் பிறகும்

என் மகளுக்குப் பல்லில் கிளிப் பொருத்தியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. 23 மாதங்கள் கழித்து, கடந்த மார்ச் மாதத்தில் அதைக் கழற்றினார்கள். பற்களை நகர்த்தும் வேலையை மருத்துவரும் கம்பியும் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பற்களைக் கெடாமல் காக்கும் வேலை முழுவதும் எங்கள் வீட்டில்தான் நடந்தது. இதை நாங்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தால் முதல் மூன்று மாதங்களை வீணாக்கியிருக்க மாட்டோம் என்பதால், இப்போது பிள்ளைகளுக்குக் கிளிப் போடவிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதி இது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருவதற்கு முன், ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வளர்ந்த என் தலைமுறையினர் பலருடைய பற்களில் பழுப்புக் கறையைக் காணலாம். மகளின் பற்களிலும் மெல்லிய வெண்திட்டுகள் இருந்தன. ஆகையால், கிளிப் பொருத்துவதற்கு முன்பே மருத்துவர் அவளுடைய பற்களை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டார். இத்தகைய பற்களில் பிராக்கெட் (கம்பியைத் தாங்குவதற்காக ஒவ்வொரு பல்லிலும் ஒட்டப்படும் சிறு பிடிப்பான்) எளிதில் பெயர்ந்துவிடக்கூடும் என்று எச்சரித்ததோடு, சரியாகத் துலக்காவிட்டால் புதிதாக வேறொரு வெள்ளைத் தழும்பு வரும் என்றும், எது பழையது எது புதியது என்று பிரித்துப் பார்க்கவே இந்தப் படங்கள் என்றும் விளக்கினார்.

அந்தப் புதிய தழும்பைத்தான் கிளிப் போட்ட ஒவ்வொரு வீட்டிலும் அஞ்ச வேண்டும். பிராக்கெட்டைச் சுற்றியும் கம்பியின் அடியிலும் உணவுத் துணுக்குகள் தங்குகின்றன. அவற்றிலுள்ள சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் எனாமலில் இருந்து சுண்ணாம்புச் சத்தை அரித்தெடுக்கிறது. கவனிக்காமல் விட்டால் ஒரு மாதத்துக்குள்ளேயே இதன் அடையாளம் தெரியத் தொடங்கிவிடும். பல் வரிசை நேராகிவிட்ட மகிழ்ச்சியில் பிராக்கெட்டைக் கழற்றும்போது, அது ஒட்டியிருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் இருக்க, அதைச் சுற்றிச் சட்டமிட்டதுபோல் வெண்மை தெரியும். நாளடைவில் ஓரளவு மங்கலாம். முழுமையாக மறைவது அரிது.

முதல் மூன்று மாதங்கள் மகள் முன்பு துலக்கியதைப் போலவே காலையும் இரவும் இரண்டு நிமிடங்கள் துலக்கிக்கொண்டிருந்தாள். நாங்களும் அதுவே போதும் என்று இருந்துவிட்டோம். அடுத்த முறை சென்றபோது அவளுடைய ஈறுகள் வீங்கி, தொட்டாலே இரத்தம் கசிந்தது. மருத்துவர் ஒரு வண்ண மாத்திரையை மெல்லச் சொல்லிக் கண்ணாடியைக் காட்டினார். அழுக்குப் படிந்த இடமெல்லாம் ஊதா நிறமாகத் தெரிந்தது: ஈறுக்கும் பிராக்கெட்டுக்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய பட்டை முழுவதும் ஊதா. அன்று அவள் அழுதாள். அவளைவிட எனக்குத்தான் வருத்தம் அதிகம், ஏனெனில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை துலக்கிய பல்லைத் தினமும் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

அன்றிலிருந்து முறையை மாற்றினோம். பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து முதலில் ஈறு ஓரமாகப் பிராக்கெட்டின் மேல்பக்கம், பிறகு சாய்வை மாற்றிக் கீழ்ப்பக்கம், அதன் பின் பிராக்கெட்டின் மீதே என ஒவ்வொரு பல்லையும் மூன்று முறை துலக்க வேண்டும். பிறகு, பாட்டில் கழுவும் பிரஷ்ஷைச் சிறிதாக்கியது போன்ற ஒரு பிரஷ் கடைகளில் கிடைக்கிறது. அதைக் கம்பிக்கு அடியில் மேலிருந்தும் கீழிருந்தும் நுழைத்து ஒவ்வொரு இடுக்கையும் துடைக்க வேண்டும். இரவில் இதற்குப் பத்து நிமிடங்கள் ஆகும். அந்தப் பத்து நிமிடங்களைக் குறைக்க வழியே இல்லை. எங்கள் ஊரில் ஃபுளோரைடு பற்பசை என்றாலே தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் நீரிலுள்ள ஃபுளோரைடு கறையை உண்டாக்குவது பல் ஈறுக்குள் உருவாகும் சிறு வயதில்தான் என்றும், ஞானப்பல் தவிர மற்றவை எட்டு வயதுக்குள் பெரும்பாலும் உருவாகி முடிந்துவிடுவதால், இந்த வயதில் துலக்கித் துப்பிவிடும் பற்பசை பல்லைக் காக்குமே தவிரக் கறையாக்காது என்றும் மருத்துவர் விளக்கிய பிறகு அதையே வாங்கினோம்.

உணவில் முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய் ஆகியவற்றை நிறுத்தினோம். கொய்யாவையும் ஆப்பிளையும் மெல்லிய துண்டுகளாக நறுக்கிக் கொடுத்தோம். பொங்கலன்று மட்டும் ஒரு துண்டுக் கரும்பு என்று விட்டுக்கொடுத்ததில் இரண்டு பிராக்கெட்டுகள் பெயர்ந்தன. பெயர்ந்தால் மீண்டும் ஒட்டிவிடலாம்தானே என்று பலர் எண்ணுகிறார்கள். ஒட்டும் நாள்வரை அந்தப் பல் கம்பியின் பிடியில் இல்லாமல் நின்றுவிடுவதால் சிகிச்சைக் காலமும் நீள்கிறது. கம்பியை இறுக்கிய பிறகு இரண்டு மூன்று நாட்கள் உணவை மென்றாலே வலிக்கும். அந்த நாட்களில் இடியாப்பமும் தயிர்ச் சோறும் கைகொடுத்தன. எங்கள் ஊர்க் கேழ்வரகுக் களியை மெல்லாமலேயே விழுங்கலாம் என்பதால் அதுவே அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. கம்பியைப் பிராக்கெட்டோடு பிணைக்க நிறமற்ற ரப்பர் வளையங்களைத் தேர்ந்தெடுப்பவர்கள், சாம்பாரின் மஞ்சள் ஓரிரு நாட்களிலேயே அவற்றில் ஏறிவிடும் என்பதை முன்பே அறிந்துகொள்வது நல்லது.

கம்பியின் முனை கன்னத்தில் குத்தினால், அந்த இடத்தை ஈரம் போகத் துடைத்துவிட்டு மருத்துவமனையில் கொடுக்கும் மெழுகைச் சிறு உருண்டையாக்கி ஒட்ட வேண்டும். ஈரத்தின் மீது மெழுகு நிற்காது.

கிளிப்பைக் கழற்றியதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு. பல் எலும்பில் நேரடியாகப் பதிந்திருப்பதில்லை. மெல்லிய நார்களால் எலும்போடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கம்பி அழுத்தும் பக்கம் எலும்பு கரைய, எதிர்ப்பக்கம் புது எலும்பு வளர, பல் நகர்கிறது. அது புதிய இடத்துக்கு வந்த பிறகும் ஈறிலுள்ள மீள்தன்மை கொண்ட நார்கள் பழைய இடத்தை நோக்கியே இழுத்துக்கொண்டிருக்கும்; அவை புதிய நிலைக்குப் பழக ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். என் அக்கா இளவயதில் கிளிப் போட்டு, கல்லூரி விடுதிக்குச் சென்றதும் ரிடெய்னர் (பற்களைப் புதிய இடத்திலேயே பிடித்து வைக்கும் சாதனம்) அணிவதை நிறுத்திவிட்டார். இன்று அவருடைய கீழ்வரிசை முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன.

மகளுக்கு மேல்வரிசைக்குக் கழற்றி மாட்டும் நிறமற்ற ரிடெய்னரும், கீழ் முன்பற்களின் உட்புறத்தில் ஒட்டப்பட்ட ஒரு மெல்லிய கம்பியும் தந்தார்கள். முதல் ஆறு மாதங்களுக்கு, உண்ணும்போதும் துலக்கும்போதும் தவிர நாள் முழுவதும் ரிடெய்னரை அணியச் சொன்னார்கள். அதைக் கழுவக் குளிர்ந்த நீரும், மெல்லிய பிரஷ்ஷும், ஒரு சொட்டுத் திரவ சோப்பும் போதும். பற்பசையிலுள்ள துகள்கள் அதைக் கீறி மங்கச் செய்யும். வெந்நீர் அறவே கூடாது. குழந்தையின் பால் புட்டியைச் சுடுநீரில் போட்டுக் கிருமி போக்கிப் பழகிய என் அம்மா, பேத்தியின் மீதுள்ள அக்கறையில் இதன்மீதும் கொதிநீரை ஊற்றிவிட்டார். வடிவம் நெளிந்து அது வீணாகி, புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லாதது என் பிழை. எங்கள் உப்புநீரில் கழுவினால் வெண்படலம் படிகிறது. வினிகரில் சம அளவு நீர் கலந்து சற்று நேரம் ஊறவைத்துத் துலக்கினால் போய்விடுகிறது. பந்தியில் உட்காரும்போது காகிதத்தில் சுற்றி இலையருகே வைத்தால் இலையோடு அதுவும் குப்பைக்குப் போய்விடும் என்பதால், அவள் பையில் அதற்குரிய டப்பா எப்போதும் இருக்கிறது.

உட்புறம் ஒட்டிய கம்பியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கீழ் முன்பற்களின் பின்பக்கம் உமிழ்நீர் சுரந்து வரும் இடம் என்பதால் அங்கே காறை (கெட்டிப்பட்ட அழுக்கு) விரைவாகப் படியும். பல்லிடுக்கைத் துடைக்கும் நூலைக் கம்பிக்கு அடியில் நுழைத்து அன்றாடம் எடுக்க வேண்டும். கம்பி ஒரு பல்லில் மட்டும் விட்டுப்போனால் வலியே இருக்காது, ஆனால் அந்தப் பல் நகரத் தொடங்கிவிடும். ஆகையால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மகள் நாக்கால் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்வாள். நான் விளக்கடித்து ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

இப்போது இரவில் மட்டும் அணிகிறாள். சென்ற மாதம் ஊருக்குப் போனபோது எடுத்துச் செல்ல மறந்து, மூன்று இரவுகளுக்குப் பிறகு மாட்டியபோது இறுக்கமாக இருந்தது; காலையில் சரியாகிவிட்டது. இறுகினாலும் முழுமையாகப் பொருந்தினால் தொடர்ந்து அணியலாம் என்றும், பல்லுக்கும் ரிடெய்னருக்கும் இடையே இடைவெளி தெரிந்தால் வலிந்து அழுத்தாமல் உடனே அழைத்து வர வேண்டும் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.