அண்ணன் கன்னத்துக்கு நான் கட்டிய வரி

கல்யாணமாகிப் பெருந்துறைக்கு வந்த நாளிலிருந்து நான் வேறு கூட்டம் (எங்கள் கொங்குப் பக்கம் அப்பா வழிக் குலத்துக்கு அப்படித்தான் பேர்). காங்கேயம் பக்கம் இருக்கும் பிறந்த வீட்டுக் குலதெய்வக் கோயிலில் எனக்குத் தலைக்கட்டு வரி கிடையாது. ஒய் குரோமோசோமுக்கும் அதே கணக்குதான்: அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும். கூட்டமும் அதே வழியில் போவதால்தான் டிஎன்ஏ சோதனையில் வம்சம் தேடும் இந்தப் பைத்தியமே எனக்குப் பிடித்தது. (கூட்டத்தின் பேரைச் சொல்ல மாட்டேன். பெரியப்பா படிப்பார்.)

தாராபுரம் பக்கம் எங்களுக்குப் பங்காளிகள் உண்டு. பஞ்சத்தில் பிரிந்துபோன அண்ணன் தம்பி வம்சம், ஏழு தலைமுறை ஆச்சு என்பார் எங்கள் அப்பாரு (தாத்தா). முதலில் அண்ணனுக்கு, ஒய் குரோமோசோமில் 37 இடங்களை மட்டும் பார்க்கும் '37 மார்க்கர்' சோதனை செய்தோம். பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து அனுப்பினால் ஆண்வழி வம்ச மரத்தில் 'எச்' என்று ஒரு பெருங்கிளை வந்தது. அதன் வயசு பல்லாயிரம் ஆண்டு. அதில் ஏழு தலைமுறையை எங்கே தேட?

அதற்கு, ஒய் குரோமோசோமை இன்னும் விரிவாகப் படிக்கும் பிக் ஒய்-700 சோதனை வேண்டும். சராசரியாக 80 ஆண்டுக்கு ஒரு புது மாற்றத்தையாவது அது பிடித்துவிடும். அப்பாரு சொன்னது சரியென்றால் இரண்டோ மூன்றோ தட்டுப்படணும். ஆனால் ஒருத்தருக்கு மட்டும் செய்தால் வீண். எது இரண்டு வீட்டுக்கும் பொது, எது பிரிந்தபின் வந்தது என்பது தாராபுரத்து ஆளையும் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். புதிதாகச் செய்ய 450 டாலரை ஒட்டி. அண்ணனின் மிச்ச மாதிரி லேபிலேயே இருப்பதால் அவருக்குக் கொஞ்சம் குறையும். இருந்தாலும் மொத்தம் 60,000 ரூபாயைத் தாண்டுகிறது. ஏப்ரல் 25, டிஎன்ஏ நாளை ஒட்டித் தள்ளுபடி வரும் என்று காத்திருந்தேன்.

கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டுக்கு 5,000 என்றதும் ஒரே வாரத்தில் கட்டிய கூட்டத்தார், இந்தச் சோதனைக்கு 500 கேட்டதும் போனை எடுக்கவில்லை. பெரியப்பாதான் வாய்விட்டுக் கேட்டார்: "ஏன் அம்மிணி, அவிங்களுக்கும் நமக்கும் ஒட்டாம வந்துட்டா, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பொங்கலுக்குக் கூப்பிடறது?"

நியாயமான கேள்வி. தத்து எடுத்த வீடு எந்த ஊரில்தான் இல்லை? அதனால் முடிவு முதலில் சோதனை கொடுத்த இரண்டு பேருக்கு மட்டும், அவர்கள் சரியென்றால்தான் வாட்ஸப் குழுவுக்கு என்று பேசி முடித்தோம். அப்புறம்தான் கொஞ்சம் பணம் நகர்ந்தது. துண்டு விழுந்த 22,000-க்கு என் ஏலச்சீட்டை எடுத்தேன். "உனக்கு எதுக்கு அந்தக் கூட்டத்து வரி?" என்றார் வீட்டுக்காரர்.

போன வாரம் பெரியப்பா வரவு நோட்டைக் காட்டினார். என் 22,000 அண்ணன் பேரில் எழுதியிருக்கிறது.