அந்த கெப்சூல் விழுங்குவதற்கு அல்ல

23 நாட்கள். அத்தனை நாளும் அம்மா அந்த கெப்சூலை வெந்நீரோடு விழுங்கியிருக்கிறார். மூச்சு வாங்குவது குறையவே இல்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான மேட்டு லயத்துக்கு ஏறும் படிகளில் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். மருந்து அவருக்கு ஒத்துவரவில்லை என்று நானும் நினைத்துவிட்டேன். அது வயிற்றுக்குப் போக வேண்டிய மருந்தே அல்ல. கருவியில் போட்டுத் துளைத்து, உள்ளிருக்கும் தூளை நெஞ்சுக்குள் இழுக்க வேண்டும்.

அம்மா ஒரு நாளும் பீடி, சுருட்டைத் தொட்டதில்லை. 35 வருடம் கொழுந்து பறித்தவர். விடியுமுன்னும் இருட்டிய பின்னும் லயத்து அடுப்படியில் ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்தவர். அந்தப் புகையும் இந்த நோயைக் கொண்டுவரும் என்றார் வைத்தியர். எக்ஸ்ரே, ஊதும் பரிசோதனை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று கிளினிக் கொப்பியில் பதிந்தார்கள்.

தவறு நடந்தது மருந்து கொடுக்கும் இடத்தில். அந்த கெப்சூல், டியோட்ரோபியம் 18 மைக்ரோகிராம், அட்டை அட்டையாகக் கிடைத்தது. கருவியை வெளியில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்களாம், சிங்களத்தில், பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டிருக்கும்போது. அம்மாவுக்குப் புரிந்தது “நாளைக்கு ஒன்று” என்பது மட்டும். உறையிலும் தமிழ் இல்லை. 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி. நோயாளியின் கையில் கொடுக்கும் உறையில் நான்கு தமிழ்ச் சொற்களைக் கேட்பது சலுகை அல்ல.

விஷயம் தெரிந்ததும் ஒரு நாள் சம்பளத்தை விட்டு, இரண்டு பஸ் மாறி அம்மாவை அழைத்துப் போனேன். கிளினிக் நாளில் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். பக்கத்து மருந்தகங்களில் கருவி இல்லை. கண்டிக்குப் போய்த்தான் வாங்கினேன். நீங்கள் போகும்போது மருந்து அட்டையைக் கட்டாயம் கொண்டுபோங்கள். எல்லாக் கருவியும் எல்லா கெப்சூலுக்கும் பொருந்தாது.

அடுத்த கிளினிக்கில் ஒரு தாதி, தெரிந்த கொஞ்சத் தமிழில், அம்மாவின் கையைப் பிடித்தே காட்டிக் கொடுத்தார். முதலில் மூச்சை வெளியே விட வேண்டும், கருவிக்குள் அல்ல. பிறகு வாயை இறுக்கிப் பொருத்தி ஆழமாக இழுக்க வேண்டும். கெப்சூல் உள்ளே அதிரும் சத்தம் கேட்டால்தான் மருந்து போகிறது. முடிந்தவரை மூச்சை அடக்கி, மிச்சத் தூளுக்காக இன்னொரு முறை இழுக்க வேண்டும். மூன்றாவது முயற்சியில் அந்தச் சத்தம் கேட்டது. அம்மாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்!

எங்களை அதிகம் குழப்பியது, மூச்சு முட்டும்போது எடுக்கும் நீல நிற சல்பியூட்டமோல் பம்ப். அதைக் குலுக்கி, அழுத்தும்போது மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையிலேயே அடித்து நின்றுவிடும். வயதானவர்களுக்கு, பம்புக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் குழாயான ஸ்பேசர் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அதைச் சவர்க்கார நீரில் கழுவித் தானாகக் காயவிட வேண்டும். துணியால் துடைக்கக் கூடாது, துடைத்தால் மருந்து உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. அம்மா கெப்சூல்களை உரித்து டப்பாவில் போட்டு வைத்திருந்தார். எங்கள் மலையின் மூடுபனி ஈரத்துக்கு அந்தத் தூள் தாங்காது. எடுக்கும் நேரத்தில் மட்டும் உரியுங்கள். கையில் ஒட்டிய தூள் கண்ணில் படாமல் உடனே கழுவுங்கள்.

2008இலேயே அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இதே தவறைப் பற்றி எச்சரித்திருக்கிறது என்று பிறகுதான் வாசித்தேன். அம்மாவின் அறியாமை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இப்போது அதே படிகளில் ஒரு இடத்தில்தான் நிற்கிறார். நேற்று மாலை பக்கத்து லயத்துத் தாத்தா தன் மருந்து உறையோடு வந்தார். அவரும் விழுங்கிக்கொண்டிருக்கிறார். அவரிடமும் கருவி இல்லை. சனிக்கிழமை கண்டிக்குப் போகிறேன்.