எல்லையோரப் பிள்ளைகளின் பெற்றோருக்கு: நேட்டிவிட்டி சான்றிதழை இப்பவே எடுங்க

வீடு கோபாலபுரம், வேலந்தாவளம் பக்கம் தமிழ்நாட்டில். பள்ளிக்கூடம் மட்டும் எல்லை தாண்டிக் கேரளத்தில், கொழிஞ்சாம்பாறையிலோ சித்தூரிலோ. இப்படிப் படித்த பிள்ளை தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குப் போனால் முதல் சிக்கல் மார்க் இல்லை, நேட்டிவிட்டிதான், அதாவது தமிழ்நாட்டுக்காரர் என்று காட்டும் இருப்பிடச் சான்றிதழ். 8 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்தவருக்கு அது தேவையில்லை. இடையில் ஒரு வருஷம் கேரளத்தில் படித்திருந்தாலும் கட்டாயம்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ரேஷன் கார்டு, ஆதார், டிசி எடுத்துட்டுப் போங்க. விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் பெயர்க் குழப்பத்தால்தான். கேரள எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் 'கார்த்திகா எம்' என்று இனிஷியல் பின்னால் நிற்கும், நம்ம ஆதாரில் 'எம் கார்த்திகா'. அப்பா பெயரும் ஓர் எழுத்து மாறியிருக்கும். ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் ஆதாரைத் திருத்திடுங்க.

சாதிச் சான்றிதழும் தமிழ்நாட்டில் வாங்கியதே செல்லும். கேரளச் சான்றிதழைக் கொடுத்தால் பொதுப் பிரிவில் போட்டுடுவாங்க. எத்தனை பிள்ளைகளின் இடம் இதில் போகுதுன்னு நினைச்சா மனசு ஆறலை.

7.5 சதவீத ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவருக்கு. அதை நம்பிக் கணக்குப் போடாதீங்க. முதல் பட்டதாரி கட்டணச் சலுகைக்கு வீட்டில் முன்னால் யாரும் டிகிரி முடித்திருக்கக் கூடாது. கலந்தாய்வில் இடம் எடுத்தால்தான் அதுவும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கிடையாது.

மீதிப் பணத்துக்கு வித்யாலட்சுமி தளத்தில் கல்விக் கடன் கேளுங்க. 7.5 லட்சம் வரை பொதுவா சொத்து ஜாமீன் கேட்க மாட்டாங்க, பெற்றோர் கையெழுத்து போதும்.