சங்க பைலாவைத் திருத்தப் போகிறீர்களா?

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களில் பைலா (சங்கத்தின் உள்விதிகள்) திருத்தம் வந்தால், வாதமெல்லாம் அந்தத் திருத்தம் நல்லதா கெட்டதா என்பதிலேயே ஓடிவிடும். பிற்பாடு யாராவது எழுந்து “இது செல்லாது” என்று கேள்வி கேட்டால், காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். நோட்டீஸ் சரியாகப் போயிருக்காது, அல்லது ஓட்டைத் தப்பாக எண்ணியிருப்பார்கள்.

எந்த விதி எதற்கு மேல் என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். மாநிலத்தின் லாப நோக்கற்ற நிறுவனச் சட்டம், பிறகு சங்கத்தை மாநிலத்தில் பதிவு செய்தபோது கொடுத்த ஆர்ட்டிக்கிள்ஸ் என்ற அமைப்புப் பத்திரம், அதன் பிறகுதான் பைலா. 1876-இல் ராணுவப் பொறியாளர் ஹென்றி ராபர்ட் முதலில் வெளியிட்ட, 2020-இல் 12-ஆம் பதிப்பு கண்ட ராபர்ட்ஸ் ரூல்ஸ் என்ற கூட்ட நடைமுறை நூல் இவற்றுக்கெல்லாம் கீழேதான். அதுவும் “பைலா சொல்லாததற்கு ராபர்ட்ஸ் ரூல்ஸ்” என்று உங்கள் பைலாவில் ஒரு வரி இருந்தால்தான் அது உங்களைக் கட்டுப்படுத்தும். இருக்கிறதா என்று பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான்.

அடுத்து, பைலாவின் கடைசிப் பக்கம். திருத்தும் முறை வழக்கமாக அங்கேதான் இருக்கும். எத்தனை நாள் முன்னதாக நோட்டீஸ், யார் முன்மொழியலாம், எவ்வளவு ஓட்டு வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒன்றுமே சொல்லாவிட்டால் ராபர்ட்ஸ் கணக்கு இது: நோட்டீஸ் கொடுத்திருந்தால் பதிவான ஓட்டில் மூன்றில் இரண்டு, கொடுக்காவிட்டால் சங்கத்தின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல்.

நோட்டீஸில் “உறுப்பினர் சந்தா குறித்த திருத்தம்” என்று ஒரு வரி போட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். பிரிவு எண், இப்போதுள்ள வாசகம், முன்மொழியும் வாசகம் மூன்றும் போக வேண்டும். தபால் என்றால் கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்புங்கள். மின்னஞ்சல் என்றால், அதில் பெற்றுக்கொள்ளச் சம்மதித்தவர்களுக்கு மட்டும். வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிட்டு “எல்லாரும் பார்த்தார்களே” என்பது நோட்டீஸ் ஆகாது.

இவ்வளவு கறாராக இருப்பது கூட்டத்துக்கு வராதவருக்காக. நோட்டீஸில் சந்தா 50 டாலரிலிருந்து 80 டாலர் என்று இருந்தால், கூட்டத்தில் 60 என்றோ 75 என்றோ மாற்றிக்கொள்ளலாம். 90 ஆக்க முடியாது, 40 ஆக்கவும் முடியாது. 80 வரை போகலாம் என்று படித்துவிட்டு “சரி, போகட்டும்” என்று வீட்டில் இருந்தவருக்கு 90 என்பது தெரியாத சேதி. வந்தவர்கள் அத்தனை பேரும் ஒருமனதாகக் கை தூக்கினாலும் இந்த விதியைத் தள்ளிவைக்க முடியாது. மீறி நிறைவேற்றினால் அந்தத் திருத்தம் செல்லாது, அடுத்த வருடம் கூட ஒருவர் ஆட்சேபம் எழுப்பலாம். பைலா முழுவதையும் புதிதாக எழுதி நோட்டீஸ் கொடுத்தால் மட்டும் இந்த எல்லை கிடையாது. எந்தப் பிரிவையும் எப்படியும் மாற்றலாம். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஒரு மாலை போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டுக்கு வருவோம். மொத்தம் 200 உறுப்பினர். வந்தவர்கள் 60. ஆதரவு 36, எதிர்ப்பு 16, பேசாமல் உட்கார்ந்திருந்தவர்கள் 8. நிறைவேறியதா? பைலாவில் “பதிவான ஓட்டில் மூன்றில் இரண்டு” என்றிருந்தால் 52-க்கு 35 போதும், நிறைவேறியது. “வந்திருப்பவர்களில்” என்றிருந்தால் 40 வேண்டும், தோற்றது. “உறுப்பினர்களில்” என்றிருந்தால் 134 வேண்டும். மண்டபத்தில் அத்தனை பேரே இல்லை. பின்னிரண்டு வாசகங்களிலும், நடுநிலை என்று சும்மா இருப்பவர் எதிர்த்து ஓட்டுப் போட்டதாகத்தான் கணக்கு. முதல் வகைக்குத் தலைவர் கால்குலேட்டர் தேட வேண்டாம். ஆதரவு எதிர்ப்பைப் போல இருமடங்காவது இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இதில் நம் சங்கங்களுக்கே உரிய சிக்கல் குடும்ப உறுப்பினர். குடும்பத்துக்கு ஒரு ஓட்டா, கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனியா? கோரம் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற எண்) எண்ணும்போது குடும்பம் ஒன்றா, இரண்டா? பைலாவில் இது தெளிவாக இல்லையென்றால் மற்ற திருத்தங்களுக்கு முன்னால் இதைத்தான் சரிசெய்ய வேண்டும் என்பேன். ப்ராக்ஸி ஓட்டும் (வராதவருக்காக இன்னொருவர் போடுவது) மின்னஞ்சல் ஓட்டும் மாநிலச் சட்டமோ ஆர்ட்டிக்கிள்ஸோ பைலாவோ அனுமதிக்காவிட்டால் கிடையாது. ஜூம் கூட்டத்துக்கும் அப்படி ஒரு அனுமதி வேண்டும்.

கோரத்தைக் குறைக்கும் திருத்தத்தில் ஒரு பொறி இருக்கிறது. “முதலில் பழைய எண்ணை நீக்குவோம், பிறகு புதியதைப் பேசுவோம்” என்று இரண்டாகப் பிரிக்காதீர்கள். திருத்தம் நிறைவேறிய நொடியே அமலுக்கு வந்துவிடும். பைலாவில் கோரம் இல்லை, மாநிலச் சட்டமும் எண் சொல்லவில்லை என்றால், மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் என்பதே கோரம். அதாவது 200 பேர் சங்கத்தில் 101. இப்போது 60 பேரை வைத்துக்கொண்டு புதிய எண்ணை நிறைவேற்ற முடியாது. நீக்குவதும் சேர்ப்பதும் ஒரே தீர்மானமாக, ஒரே ஓட்டில் முடிய வேண்டும்.

உடனே அமலாகும் இதே விதிதான் தேர்தல் நாளிலும் வில்லங்கம் செய்யும். காலை பதவிக்காலத்தை மாற்றிவிட்டு மாலை தேர்தல் நடத்தினால், தேர்வானவர்களுக்குப் புதிய காலம்தான். அப்படி வேண்டாம் என்றால் “இத்தேர்தலுக்குப் பின் அமல்” என்று ஒரு நிபந்தனையைத் திருத்தத்தோடு சேர்த்தே நிறைவேற்றுங்கள்.

மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) யார் என்ன பேசினார் என்பது வேண்டாம். தீர்மானத்தின் இறுதி வாசகம், முன்மொழிந்தவர் பெயர், எண்ணியிருந்தால் இருபக்க எண்ணிக்கை போதும். நோட்டீஸின் நகலையும் அனுப்பிய தேதியையும் அதே கோப்பில் வையுங்கள். சங்கம் வருமான வரித் துறைக்கு ஃபார்ம் 990 என்ற ஆண்டறிக்கைப் படிவம் தாக்கல் செய்வதென்றால், முக்கியமான பைலா மாற்றத்தை அந்த ஆண்டுப் படிவத்தில் குறிப்பிட வேண்டும். பொருளாளரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.