அனுபவச் சான்றிதழில் ஒரு வரி: எமர்ஜென்சி மெடிசின் உதவிப் பேராசிரியர் ஆவதற்குள் பட்ட பாடு

எம்.டி. எமர்ஜென்சி மெடிசின் (அவசர சிகிச்சை) முடித்து, சீனியர் ரெசிடென்ட் (எம்.டி.க்குப் பிறகு கல்லூரியில் பார்க்கும் மூத்த உறைவிட மருத்துவர் வேலை) வருடத்தையும் ஓட்டிவிட்டு, உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகும் ஜூனியர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இப்போதுதான் ஆர்டர் கைக்கு வந்திருக்கிறது. நிம்மதியாகத்தான் இருக்கிறது, ஆனால் கோபம் இன்னும் போகவில்லை.

நீட் பிஜி, கவுன்சலிங், தீசிஸ், பல்கலைக்கழகத் தேர்வு எல்லாம் நீங்களே பார்த்ததுதான். மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியைப் பதிவு செய்ததிலும் சிக்கல் வரவில்லை. அதற்கெல்லாம் பிறகு ஒரே ஒரு தாள்தான் என்னை அலையவிட்டது.

நேர்காணல் நன்றாகவே போனது. அரளி விதை தின்று வந்தவரின் இசிஜியில் எதைத் தேடுவீர்கள், விபத்தில் மார்பில் அடிபட்டு வந்தவருக்கு எக்ஸ்ரேவுக்குக் காத்திராமல் அல்ட்ராசவுண்டிலேயே நியூமோதோராக்ஸை (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வதை) எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். தினமும் செய்த வேலை, தடையில்லாமல் சொன்னேன். துறைத் தலைவருக்குத் திருப்தி. அப்புறம் என் ஃபைல் சான்றிதழ் சரிபார்க்கும் மேசைக்குப் போனது. அங்கிருந்தவர் அனுபவச் சான்றிதழை எடுத்து, ஒரு வரியின் மேல் பென்சில் முனையை வைத்தார். "மேடம், இதுல கேஷுவாலிட்டி மெடிக்கல் ஆபீசர்னு போட்டிருக்கு. இது டீச்சிங் போஸ்ட் இல்லையே?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி, உதவிப் பேராசிரியர் ஆக எம்.டி.க்குப் பிறகு அதே துறையில், ஒரு மருத்துவக் கல்லூரியில், 1 வருடம் சீனியர் ரெசிடென்ட்டாக இருந்திருக்க வேண்டும். சிஎம்ஓ என்பது மருத்துவமனை வேலை. அது சீனியர் ரெசிடென்ட் அனுபவமாகக் கணக்கில் வராது. ஆனால் எனக்குக் கொடுத்த நியமன ஆணையில் சீனியர் ரெசிடென்ட், எமர்ஜென்சி மெடிசின் துறை என்றுதான் தெளிவாக இருந்தது. நான் அந்த வருடம் முழுக்க அந்த வேலையைத்தான் பார்த்தேன்.

சான்றிதழைப் பழைய கல்லூரியில் கேட்டுக் கேட்டு, நேர்காணலுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கொடுத்தார்கள். வாங்கியதும் படித்துப் பார்த்து, பதவிப் பெயர் தப்பாக இருக்கிறது என்று அங்கேயே சொன்னேன். "எல்லாருக்கும் இதே ஃபார்மட்தான் டாக்டர், யாரும் எதுவும் சொன்னதில்லை" என்று கவுன்டரை மூடிவிட்டார்கள். எனக்கு இரவு பஸ். வேறு வழியில்லாமல் அதையே எடுத்துக்கொண்டு போனேன்.

புதிய கல்லூரிக்காரர்கள் நல்லவர்கள். திருத்திக் கொண்டுவாருங்கள், அதுவரை ஃபைலைத் தள்ளாமல் வைத்திருக்கிறோம் என்றார்கள். இந்தச் சலுகை எல்லா இடத்திலும் கிடைக்காது.

திரும்பவும் பழைய கல்லூரியின் எஸ்டாபிளிஷ்மென்ட் (பணியாளர் விவகார) செக்‌ஷன். அந்த கிளார்க் என்னிடம் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "மேடம், நீங்க கேஷுவாலிட்டியிலதானே டூட்டி பார்த்தீங்க? பார்த்ததைத்தானே போட்டிருக்கேன்?" அவருக்கு என்மேல் விரோதம் ஒன்றும் கிடையாது. சம்பளப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அதில் என் பெயர் கல்லூரிப் பணியாளர் பட்டியலில் இல்லை, மருத்துவமனைப் பணியாளர் பட்டியலில் சிஎம்ஓ என்ற தலைப்பின் கீழ் இருந்தது. சேர்ந்த சில மாதத்தில், என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், இங்கிருந்து அங்கே மாற்றியிருக்கிறார்கள்.

ஏன் மாற்றினார்கள் என்று நிர்வாக மேலாளரிடம் போய்க் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. எம்.பி.பி.எஸ். கல்லூரிகளுக்கான 2020 விதிகளில் எமர்ஜென்சி மெடிசின் கட்டாயத் துறையாக இருந்தது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகளில் கட்டாயத் துறைகளின் பட்டியலிலிருந்து அது விடுபட்டது. நாடு முழுக்க எமர்ஜென்சி மருத்துவர்கள் அப்போதே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எங்கள் கல்லூரி நிர்வாகம் இதைத் தனக்கு வசதியாக எடுத்துக்கொண்டது. துறையை மூடவில்லை, மூடவும் முடியாது, ஆம்புலன்ஸ் வந்துகொண்டேதான் இருக்கும். போஸ்ட்டுகளை மட்டும் கல்லூரிக் கணக்கிலிருந்து ஆஸ்பத்திரிக் கணக்குக்குத் தள்ளிவிட்டார்கள். "இப்போ அது கட்டாய டிபார்ட்மென்ட் இல்லையே டாக்டர்" என்றார் மேலாளர். எனக்கு இரத்தம் கொதித்தது.

கேஷுவாலிட்டி வேறு, நாங்கள் படித்துவிட்டு வந்து செய்வது வேறு என்பதை நாம்தான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் கேஷுவாலிட்டியில் ஒரு டூட்டி டாக்டர் இருப்பார். நோயாளியைப் பார்த்து, ஏஆர் (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போட்டு, மெடிசினுக்கோ சர்ஜரிக்கோ ஆர்த்தோவுக்கோ ஆள் அனுப்புவார். அந்தந்தத் துறைக்காரர் இறங்கி வரும்வரை ஸ்ட்ரெச்சர் காத்திருக்கும். 2009இல்தான், ஆணையத்துக்கு முன்பிருந்த இந்திய மருத்துவக் கவுன்சில் எமர்ஜென்சி மெடிசினைத் தனித்துறையாக ஏற்றது. மூச்சுக்குழாயில் டியூப் போடுவது, அதிர்ச்சி நிலையில் இருப்பவரை மீட்பது, விஷ முறிவு, பாம்புக்கடிக்கு 20 நிமிட இரத்த உறைவுச் சோதனை பார்த்து ஏஎஸ்வி (பாம்பு விஷ முறிவு மருந்து) தொடங்குவது, பக்கவாதத்துக்கு ஊசி போடும் நேரம் தாண்டிவிடாமல் சிடிக்கு ஓடுவது, முதல் ஒரு மணி நேரத்துக்குள் வரும் இந்த முடிவுகள் எல்லாவற்றுக்கும் ஒரே மருத்துவர் பொறுப்பேற்கிறார். மூன்று வருடம் மயக்கவியல், குழந்தை நலம், எலும்பு முறிவு, ஐசியு என்று ஒவ்வொரு துறையிலும் போஸ்டிங் போய்ச் சேர்த்த திறமை அது.

சொல்லிக்கொடுப்பதும் அங்கேயேதான் நடக்கிறது. ஒரு ராத்திரி, பூச்சிமருந்து குடித்த ஒரு விவசாயியைக் கொண்டுவந்தார்கள். வாயில் நுரை, நெஞ்சு முழுக்கக் களகளவென்று சத்தம். டியூட்டியில் இருந்த சிஆர்ஆர்ஐ (பயிற்சி மருத்துவர்) பையன் விஷ முறிவுக்கான அட்ரோபின் போட்டுவிட்டு டார்ச் அடித்துக் கண்மணியையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை விடு, ஸ்டெத்தை நெஞ்சில் வை என்றேன். அட்ரோபின் ஆம்ப்யூல் ஒன்றில் இருப்பது 0.6 மில்லிகிராம். முதலில் மூன்றிலிருந்து ஐந்து ஆம்ப்யூல், 5 நிமிடம் பொறுத்துப் பார், சரியாகவில்லை என்றால் அதைப்போல் இரட்டிப்பு, அப்புறம் மறுபடி இரட்டிப்பு. நுரையீரல் சத்தம் தெளிய வேண்டும், நாடித்துடிப்பு 80ஐத் தாண்ட வேண்டும், மேல் இரத்த அழுத்தமும் 80க்கு மேல் வர வேண்டும். அவன் கையைப் பிடித்து நோயாளியின் அக்குளில் வைக்கச் சொன்னேன். ஈரமாக இருக்கிறது மேடம் என்றான். அடுத்த டோஸ். கொஞ்ச நேரம் கழித்து அவனே கையை வைத்துப் பார்த்து, காய்ந்துவிட்டது என்றான். மருந்தை அதிகமாக்கிக் குழப்பம், காய்ச்சல் என்று போய்விடாமல் எங்கே நிறுத்துவது என்பதையும் அன்றைக்கே அவனுக்குக் காட்டினேன். விடியும்போது அந்த மனிதருக்கு மூச்சு சீராகியிருந்தது.

இதை எந்த டைம்டேபிளிலும் யாரும் வகுப்பு என்று எழுதவில்லை. ஆனால் கடைசியில் என்னைக் காப்பாற்றியது இதுதான். எப்படி என்று சொல்கிறேன்.

மேலாளர் முதலில் மசியவில்லை. நியமன ஆணையைக் காட்டினேன், அது சேரும்போது கொடுத்தது, இப்போது செல்லாது என்றார். சரி, ஆதார் வருகைப் பதிவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்றேன். ஆணையம் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ரெசிடென்ட்டுகளுக்கும் கட்டாயமாக்கியிருக்கும் அந்தப் பதிவில், கல்லூரியே என்னைச் சீனியர் ரெசிடென்ட், எமர்ஜென்சி மெடிசின் என்று சேர்த்திருந்தது. சம்பளத்துக்கு ஒரு பதவி, ஆணையத்துக்கு ஒரு பதவி. இதைச் சொன்னதும் அவர் குரல் இறங்கியது.

இரண்டாவதாக, துறைத் தலைவர் கையெழுத்திட்ட டூட்டி ரோஸ்டர்கள். மாதாமாதம் வாட்ஸாப்பில் வந்ததையெல்லாம் அழிக்காமல் வைத்திருந்தேன். மூன்றாவது, சிஆர்ஆர்ஐ லாக்புக். 2021 விதிப்படி பயிற்சி மருத்துவர்கள் ஒவ்வொருவருக்கும் கேஷுவாலிட்டியில் 2 வாரப் போஸ்டிங் உண்டு, அந்தப் பக்கங்களில் சொல்லிக்கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அன்று ராத்திரிக்குள் தன் பேட்ச் ஆட்களிடமெல்லாம் கேட்டு, படம் படமாக அனுப்பிவிட்டான். அட்ரோபின் கேஸ் எழுதிய பக்கமும் இருந்தது, கீழே என் கையெழுத்து, அதன் கீழே சீனியர் ரெசிடென்ட் என்று என் ரப்பர் ஸ்டாம்ப். அந்த ஸ்டாம்பைச் செய்து கொடுத்ததே கல்லூரிதான்.

எல்லாவற்றையும் பிரின்ட் போட்டு, துறைத் தலைவரின் கடிதத்தோடு டீனிடம் நேராகப் போனேன். அவர் பழைய சர்ஜன். லாக்புக் பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். "இந்தப் பொண்ணு பாடம் நடத்தியிருக்கு, நாம ஏன் இல்லைன்னு எழுதணும்?" என்று போனில் மேலாளரிடம் கேட்டார். அவ்வளவுதான், வேலை நடந்தது.

ஆனால் அப்போதும் முடியவில்லை. திருத்திய சான்றிதழ் தயார் என்று தகவல் வந்து, இரவெல்லாம் பயணம் செய்து போய் நின்றால், அதில் மருத்துவக் கண்காணிப்பாளர் கையெழுத்து. ஆசிரியர் அனுபவத்துக்கு டீன் அல்லது முதல்வர் கையெழுத்து வேண்டும் என்று புதிய கல்லூரி எழுத்திலேயே கொடுத்திருந்தது, அந்தக் கடிதத்தின் நகலையும் நான் செக்‌ஷனில் கொடுத்திருந்தேன். ஃபைலிலேயே இருந்தது, யாரும் படிக்கவில்லை. டீன் அன்று விடுப்பு. அந்த நடை வீண். சாப்பிடாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோது அழுகைதான் வந்தது.

ஆகவே ஜூனியர்களே, சான்றிதழ் வாங்கும்போது இத்தனையும் இருக்கிறதா என்று பாருங்கள்: சேர்ந்த தேதி, பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட தேதி, சீனியர் ரெசிடென்ட் என்ற பதவிப் பெயர், துறையின் பெயர், கல்லூரியின் பெயர் (ஆஸ்பத்திரியின் பெயர் மட்டும் போதாது), டீன் கையெழுத்து, அலுவலக முத்திரை, கடித எண். வருமான வரிக்கான ஃபார்ம் 16இல் சம்பளம் கொடுத்தவர் என்று யார் பெயர் இருக்கிறது என்பதையும் பாருங்கள், சரிபார்க்கும்போது அதையும் கேட்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சம்பளச் சீட்டில் உங்கள் பதவி என்னவென்று போட்டிருக்கிறார்கள் என்று எட்டிப் பாருங்கள். மாற்றியிருந்தால் அன்றைக்கே துறைத் தலைவர் வழியாக எழுத்தில் கேளுங்கள். இது ஏதோ ஒரு தாளின் பிரச்சினை என்று விட்டுவிடாதீர்கள். இணைப் பேராசிரியர் ஆக, உதவிப் பேராசிரியராக 4 வருடமும் 2 ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும். தொடக்கம் தள்ளிப்போனால் எல்லாமே தள்ளிப்போகும்.

பிஜி சேரப் போகிறவர்களுக்கு ஒன்று. தனியார் மருத்துவமனைகளில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பெயரோடு மூன்று வருட எமர்ஜென்சி படிப்புகள் உண்டு. அங்கே படித்த என் நண்பர் ஒருவர் கையால் சென்ட்ரல் லைன் (பெரிய இரத்தக் குழாயில் குழாய்) போடுவதைப் பார்த்தால் கண்ணெடுக்கத் தோன்றாது, அவ்வளவு சுத்தம். ஆனால் கற்பிக்கும் மருத்துவமனையில் ஆசிரியராக அவரால் விண்ணப்பிக்கவே முடியவில்லை, அந்தப் படிப்பு ஆணையத்தின் பட்டியலில் இல்லை. கற்பிக்கும் ஆசை இருந்தால் எம்.டி. அல்லது 2013இலிருந்து இருக்கும் டிஎன்பி (தேசியத் தேர்வு வாரியம் தரும் பட்டம்), இந்த இரண்டில் ஒன்றுக்குக் காத்திருங்கள். சேரும் நாளில் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை.

சரியான சான்றிதழ் கடைசியில் கூரியரில் வந்தது. புதிய கல்லூரியில் சேர்ந்த பிறகும் ஆதார் வருகைப் பதிவில் என்னைச் சேர்க்க முடியவில்லை. பழைய கல்லூரி என் பெயரைத் தன் பட்டியலிலிருந்து விடுவிக்காமல் இருந்ததுதான் காரணம். அங்கே அந்தப் பதிவைப் பார்த்துக்கொள்ளும் நோடல் ஆபீசரைப் போனில் பிடித்துப் பேசினேன், அவர் அன்று மதியமே முடித்துக் கொடுத்தார். ரிலீவிங் ஆர்டர் வாங்கும் அன்றே அவர் மேசைக்கும் போய், கம்ப்யூட்டரில் உங்கள் பெயரை எடுத்துவிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.